பூதி நிறத்தில் ஒரு மந்தை

அம்மா அடுப்புச் சாம்பலைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் கொட்டிவிட்டுத் திரும்பினாள். கொட்டிய சாம்பல் அசைந்தது.

நான் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வேப்பங்குச்சி வாயில் இருக்க அப்படியே நின்றுவிட்டேன். சாம்பலுக்குள்ளிருந்து ஒரு கழுத்து நீண்டது. பிறகு ஒரு இறக்கை. எங்கள் வீட்டு இளம்பெட்டை ஒன்று, கதகதப்புக்காகக் குழி பறித்துக்கொண்டு சாம்பலில் புரண்டுகொண்டிருந்தது. எழுந்து நின்று ஒரு உதறு உதறியது. சாம்பல் புகையாகக் கிளம்பிக் காற்றோடு போயிற்று. கோழியின் நிறம் போகவில்லை.

மழைக்கு முந்தின மேகம் போல ஒரு நிறம். கழுத்தில் கொஞ்சம் இருட்டு, நெஞ்சில் வெளிச்சம். ஒவ்வொரு இறகுக்கும் மெல்லிய கரை.

“யக்கா! இங்க ஓடியா!”

பேச்சி அக்கா வாசல் பெருக்கிய விளக்குமாற்றோடு வந்தாள். எனக்கு இரண்டு வயது மூத்தவள். அப்போது அவளுக்குக் கலியாணம் ஆகவில்லை.

“இது எப்ப நம்ம வீட்டுக்கு வந்துச்சு?”

“நம்ம செவலக்கோழி பொரிச்சதுதான்டா. இத்தன நாளும் நீ காலேஜே கதின்னு கெடந்தா வீட்ல என்ன இருக்குன்னு எப்பிடித் தெரியும்?” என்றவள், கோழியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். “ஒத்தக் கோழியே இம்புட்டு அழகா இருக்கே. வாசல் நெறைய இப்பிடி மேஞ்சா எப்பிடிடா இருக்கும்?”

அவ்வளவுதான். வேப்பங்குச்சியைத் துப்பினேன். “செஞ்சுருவோம்க்கா” என்றேன்.

இன்டர்மீடியட் முடித்துவிட்டு எந்த வேலையிலும் கால் தரிக்காமல் நான் அவனியாபுரத்தில் அலைந்த கதையைச் சென்ற வாரம் படித்தவர்கள், இவன் இப்படித்தான் எதையாவது சொல்லுவான் என்று சிரிக்கக்கூடும். அன்றைக்கு வீட்டிலும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

எது உன் கோழி, எது என் கோழி?

எங்கள் பக்கத்துக் கோழிகள் நிறத்தில் பஞ்சவர்ணம். ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளில் ஒன்று கருப்பு, ஒன்று செவலை, ஒன்று புள்ளி, ஒன்று எதுவென்றே சொல்ல முடியாதது. சாம்பல் நிறத்துக்கு எங்கள் ஊரில் பூதி என்று பெயர். திருநீற்றை நினைத்து வைத்த பெயர். அது எப்போதாவது ஒன்று தப்பிப் பிறக்கும். யாரும் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை.

பல நிறம் இருப்பதில் ஒரு வசதியும் உண்டு. தெருவில் எல்லார் கோழியும் ஒன்றாக மேய்கிறது. சாயங்காலம் அவரவர் கோழியை அடைக்க வேண்டுமே! “என் கோழிக்குக் கழுத்துல மட்டும் செவப்பு”, “என் சேவலுக்கு வால்ல ஒத்த வெள்ளை” என்று அடையாளம் சொல்லித்தான் எங்கள் பெண்கள் சண்டையைத் தொடங்கவும் செய்வார்கள், முடிக்கவும் செய்வார்கள்.

“எல்லாம் ஒரே நெறமா வளக்கப் போறியாம்ல?” என்றாள் எதிர்வீட்டு அத்தை. “அப்ப எது உன் கோழி, எது என் கோழின்னு எப்பிடிய்யா பாக்குறது? களவு போனாக்கூடத் தெரியாதே.”

“சாம்பலா இருக்குறது பூராம் எங்களது அத்தே” என்றாள் அக்கா. “களவு போனா எங்களதுதான் போகும். ஒங்களுக்கு என்ன கவல?”

அவள் பேச்சு அப்படித்தான் இருக்கும். பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். கேட்டவர்கள் நின்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

சைக்கிள் கொடுத்து வாங்கிய சேவல்

பெட்டை கிடைத்தாயிற்று. அதே நிறத்தில் சேவல் வேண்டும். நான் படித்திருந்த ஆங்கிலப் பிரசுரம் ஒன்றில், எந்த நிறம் வேண்டுமோ அந்த நிறத்தையே ஜோடி சேர்க்க வேண்டும், மற்றதை இரக்கமில்லாமல் கழித்துவிட வேண்டும் என்று போட்டிருந்தது. படிக்க எவ்வளவு சுலபமாக இருந்தது!

பூதிச் சேவலைத் தேடி வண்டியூர் வரை போனேன். தெப்பக்குளத்துக் கீழ்க்கரைத் தெருவில் சேவல்கட்டுக்குப் பழக்குகிற ஒருவர் வைத்திருந்தார். கெட்டியான கால், சின்னக் கொண்டை, எட்டு வைத்தால் தரையைப் பார்க்காத நடை. காசுக்குத் தர மாட்டேன் என்றார். அவர் கண் என் சைக்கிள் மேலேயே இருந்தது.

வண்டியூரிலிருந்து அவனியாபுரம் வரை சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்தேன். வழியில் என் கல்லூரித் தோழன் சுந்தரம் எதிர்ப்பட்டான். சாயக்காரர் வீட்டுப் பிள்ளை. நகம் எப்போதும் சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கும்.

“சைக்கிள் எங்க மாப்ள?”

சேவலைக் காட்டினேன். அவன் நடுத்தெருவில் இடுப்பில் கைவைத்து நின்றான்.

“நல்ல யாவாரம்தான். சீட்டு எங்க இருக்கு, பெல்லு எங்க இருக்குன்னு சொல்லு. ஏறிப் பாக்குறேன்.”

“பெல்லு காலைல அடிக்கும்டா” என்றேன். சேவல் அப்போதே ஒரு தடவை கூவியது. தெருவே சிரித்தது.

வீட்டில் சிரிப்பு இல்லை. அய்யா, அதாவது என் தகப்பனார், சேவலைப் பார்க்கவில்லை. சைக்கிள் சாத்தியிருந்த சுவரைத்தான் பார்த்தார். அது நான் கல்லூரிக்குப் போக அவர் வாங்கிக் கொடுத்தது. அப்படியே தோட்டத்துக்குப் போய்விட்டார்.

கழித்துப் போட்டவை

அடை வைக்கிற வேலை முழுக்க அக்காவுடையது. ஓலைக்கூடையில் மணல் பரப்புவாள். முட்டையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து எடுத்து வைப்பாள். இடி இடித்தால் கரு கலங்கிவிடும் என்று மணலுக்குள் ஒரு ஆணியும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் புதைப்பாள்.

“இடிக்கும் மிளகாய்க்கும் என்னக்கா சம்பந்தம்?”

“வைக்காம ஒரு கூட நீ வையி. வச்சு ஒரு கூட நான் வைக்கிறேன். பாப்பமா?”

எனக்குத் தைரியம் வரவில்லை. மிளகாயோடுதான் வைத்தோம்.

முதல் அடை பொரித்த காலையை எப்படிச் சொல்வது! கூடைக்குள்ளே கீச்சுக் கீச்சென்று சத்தம், ஈரத் தவிட்டு வாசனை. அக்கா கூடையைத் திறந்து ஒவ்வொரு குஞ்சாக என் உள்ளங்கையில் வைத்தாள். சாம்பல். சாம்பல். பிறகு ஒரு கருப்பு. மறுபடி சாம்பல். பிறகு அழுக்குத் துணி போல ஒரு வெள்ளை.

வளர்ந்த பிறகும் அப்படியே. பாதிக்குப் பாதி பூதி. மிச்சத்தில் சிலது முழுக் கருப்பு. சிலது வெள்ளை மேல் மை தெறித்த மாதிரி அங்கங்கே கறை.

சேவல் சுத்தமில்லை போலும் என்று நினைத்தேன். பொரித்ததில் நல்ல பூதிகளாகப் பொறுக்கி மறுபடி ஜோடி சேர்த்தேன். மறுபடி கருப்பு, மறுபடி கறை. கழித்தேன். மறுபடி சேர்த்தேன். அடை மாறினாலும் கதை மாறவில்லை. கருப்பைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். கறை வெள்ளையைப் பார்த்தால் யாரோ என்னைக் கேலி செய்கிற மாதிரி இருக்கும். பிடித்து அண்டை அயலில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுவேன்.

இதற்கிடையில் அக்காவுக்குக் கலியாணம் ஆயிற்று. மாப்பிள்ளை சோலைமலை மச்சான், வண்டியூரைத் தாண்டிக் கிழக்கே தோட்டத்திலேயே வீடு கட்டிக்கொண்டு இருப்பவர். சுற்றிலும் கரும்பும் வாழையும்தான். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது.

தலைப்பொங்கல் சீர் கொண்டு போனது நான்தான். பானை, அரிசி, கரும்பு, மஞ்சள் கொத்து. கூடவே காலைக் கட்டிய கோழிகள்: கருப்புப் பெட்டைகள் சில, ஒரு கறை வெள்ளைச் சேவல்.

“சீருக்கு யாராவது கருப்புக் கோழி கொண்டு போவாகளாடா?” என்று அம்மா வாசல்வரை வந்து திட்டினாள்.

“அக்காளுக்குத்தானம்மா. அவ ஒண்ணும் நெனைக்க மாட்டா.”

நினைக்கவில்லை. கட்டை அவிழ்த்து விட்டாள். கறைச் சேவல் அவள் முற்றத்தில் நின்று இறக்கையை அடித்துக்கொண்டது.

“நல்லதெல்லாம் நீ வச்சுக்கிட்டு, நீ கழிச்சது எனக்காக்கும்?” என்று சிரித்தாள். “இருக்கட்டும். எனக்குக் கூவுறதுக்கு ஒண்ணு வேணும்ல இந்தக் காட்டுக்குள்ள.”

ஆடியில் வந்தவள்

அந்த ஆடியில் அக்கா பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த நேரம் வீட்டில் பெரிய சண்டை.

தாலுகா ஆபீஸில் குமாஸ்தா வேலை ஒன்று காலியாகப் போகிறது, தெரிந்தவர் மூலம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார் அய்யா. நான் போக மாட்டேன் என்றேன். யுத்த காலம். ஊருக்குத் தெற்கே பட்டாள லாரிகள் வந்து முட்டையையும் கோழியையும் கூடை கூடையாக ஏற்றிக்கொண்டு போகின்றன. நல்ல இனமாக ஒரு மந்தை கையில் இருந்தால் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாமே என்று வாதாடினேன்.

“நல்ல இனமா? ஒன் கூட்டத் தொறந்தா சந்தைக்கட மாதிரி எல்லா நெறமும்ல ஓடியாருது!” என்றார் அய்யா. “ஊருல எவன் வீட்லயும் இந்த நெறம் சும்மாவே வருது. அதுக்கு ஒரு சைக்கிளக் குடுக்கணுமா, காலேஜுப் படிப்புப் படிக்கணுமா?”

அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் இருந்த கரண்டியோடு அய்யாவுக்கு முன்னால் நின்றாள்.

“அடுத்த பொங்க வரைக்கும் விட்டுருங்கய்யா. அதுக்குள்ள ஒரே நெறத்துல மந்தை நிக்கும். நிக்கலைன்னா நானே இவனக் கூட்டிட்டுப் போயி ஆபீசு வாசல்ல விட்டுட்டு வாரேன்.”

“நீ என்னத்தக் கண்ட?”

“நானாச்சுங்கிறேன்ல.”

அய்யா மகள் சொல்லைத் தட்டியதில்லை. “தை வரைக்கும்தான்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நான் அவளைத் தனியாகப் பிடித்தேன். “என்னக்கா இப்பிடிச் சொல்லிப்புட்ட? இங்க ஒண்ணும் அசையலையே.”

அவள் என் காதைப் பிடித்துத் திருகினாள். கண்ணில் ஒரு குறும்பு இருந்தது. “பொங்கலுக்குச் சீரு கொண்டு வருவல்ல? அப்ப வா. பேசிக்கிடுவோம்.”

எனக்காகப் பரிந்து பேசினாள் என்றுதான் அன்றைக்கு எண்ணினேன். ஆடி முடிந்து, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன். பின்பக்கத்து அடுப்பைச் சுற்றிச் சுற்றி ஊதிப் பஸ்ஸைக் கிளப்புவதற்குள் அரை நாள் போய்விடும் போலிருந்தது. ஜன்னல் வழியாக, “போயிருடா, வெயில்ல நிக்காத” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை

புரட்டாசி கழியும் சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. அம்மா போய்க் கூட இருந்தாள். விஷக்காய்ச்சல் என்றார்கள். இறங்கியது, ஏறியது, இறங்கியது. தேறிவிட்டாள் என்று சொல்லி அனுப்பிய மறுநாளே ஆள் ஓடி வந்தது. அன்றைக்குச் சனிக்கிழமை.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை எடுத்துக்கொண்டு அய்யாவும் நானும் போனோம். வண்டியில் அய்யா சேலையை மடியில் வைத்துக்கொண்டு அதன் கரையை விரலால் நீவிக்கொண்டே வந்தார்.

அவளைப் பார்த்ததை எழுத எனக்குத் தெம்பு இல்லை. தலைமுடியைக் குறுக வெட்டியிருந்தார்கள், காய்ச்சலுக்காக. அது ஒன்றுதான் என் கண்ணில் நின்றது.

சனிக்கிழமை போகிற உயிர் துணை தேடும் என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. அதனால் அன்றைக்குப் பாடை கிளம்பினால் அதில் உயிரோடு ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவார்கள். அதுவே துணை. மயானத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

கொட்டுச் சத்தத்துக்கு நடுவே பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார். “ஒரு குஞ்சப் புடிங்கப்பா. நேரமாகுதுல்ல.”

இரண்டு மூன்று பேர் கொல்லைப்பக்கம் ஓடினார்கள். குஞ்சுகள் வாழைக்குள் புகுந்து சிதறின. தோட்டத்தில் தனியாக வளர்ந்தவை, அக்காவைத் தவிர வேறு ஆள் பழக்கமில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்கள் ஓடுவதும் வழுக்குவதும் பார்க்கச் சகிக்கவில்லை.

“அந்தா, அவ தம்பி நிக்கிறாரே, கோழிக்காரர்” என்றார் ஒருவர். “தம்பி, நீங்கதான் கொஞ்சம் கூப்புட்டுப் பாருங்களேன்.”

கொல்லைக்குப் போனேன். திண்டாடிக்கொண்டிருந்தவர்களை விலகச் சொன்னேன். குனிந்து, அக்கா கூப்பிடுகிற மாதிரியே, “ப்பா… ப்பா… ப்பா…” என்று கூப்பிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் குரலில் ஒரே சாயல்.

வாழைக்குள்ளிருந்து முதலில் ஒன்று வந்தது. பூதி. அதன் பின்னால் இன்னொன்று. அதுவும் பூதி. பிறகு கூட்டமாக வந்தன. சின்னதும் பெரிதுமாக, இரண்டு மூன்று அடையில் பொரித்தவை. அத்தனையும் பூதி. பொரித்த குஞ்சில் ஒரு கருப்பு இல்லை, ஒரு கறை இல்லை. ஈர மண்ணில், வாழை நிழலில், மேகம் இறங்கி மேய்கிற மாதிரி என் காலைச் சுற்றி மேய்ந்தன.

நான் குனிந்தபடியே இருந்தேன்.

மச்சான் பின்னால் வந்து நின்றார். “ஒனக்குன்னுதான் வச்சிருந்தா. பொங்கலுக்குத் தம்பி வாரப்ப பாத்துக்கிடட்டும், யாரும் மூச்சு விடக் கூடாதுன்னுட்டா. எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா மாப்ள.”

பெரியவர் மறுபடி குரல் கொடுத்தார். ஒன்றைப் பிடிக்க வேண்டும்.

என் கை தானாக ஓரத்தில் நின்ற ஒன்றை நோக்கிப் போயிற்று. விரல் வளைந்த குஞ்சு. கழிப்பதற்கென்றே பழகிய கை அது. பாதி வழியில் அந்தக் கையை நிறுத்தினேன்.

அப்புறம் கூட்டத்தில் எது நல்லதென்று பார்த்தேன். நெஞ்சு அகன்று, கால் நேராக, இறகின் கரை அழுந்தத் தெரிய ஒரு பெட்டைக்குஞ்சு நின்றது. அவ்வளவு அடை வைத்தும் என்னிடம் பிறக்காத மாதிரிக் குஞ்சு. அதைத்தான் எடுத்தேன். கைக்குள் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. நானே கொண்டு போய்ப் பாடையின் கால்மாட்டில் கட்டினேன். கத்தாமல் உட்கார்ந்துகொண்டது.

கருமாதி

கருமாதி அன்று வந்த உறவுக்கெல்லாம் கறிச்சோறு போட வேண்டும். மச்சான் என்னைக் கொல்லைக்கு அழைத்துப் போனார்.

“ஒனக்கு எது வேணுமோ எடுத்துக்கிடு மாப்ள. எனக்கு இதுகளப் பாக்கத் தெம்பு இல்ல.”

பூதிக் குஞ்சுகளையெல்லாம் கூடையில் அடைத்தேன். கருப்புப் பெட்டைகளும் கறைச் சேவலும் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

“அதுக?”

“வேணாம் மச்சான். அது என்னத்துக்கு?”

அவை சட்டிக்குப் போயின. நான் சாப்பிடாமல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். சுமை கனக்கவில்லை. உள்ளே அவை காலை மாற்றி மாற்றி வைப்பது உச்சந்தலையில் தெரிந்துகொண்டே வந்தது.

தை பிறந்தது. சீர் கொண்டு போக வீடு இல்லை. தாலுகா ஆபீஸ் வேலையைப் பற்றி அய்யா பேசவில்லை. அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள் என்று சுந்தரம் வந்து சொன்னான். அதைச் சொல்லிவிட்டு, பூதிகள் மேய்வதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போகும்போது, “நல்லாத்தான் இருக்கு மாப்ள” என்றான்.

எங்கள் வாசலில் அப்போது ஒரே நிறம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டு அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அக்கா வீட்டுப் பூதிகள் வளர்ந்து முட்டையிட்டன. இனி எல்லாம் சுத்தம் என்று நிம்மதியாக அடை வைத்தேன்.

கூடையைத் திறந்தபோது சாம்பல், சாம்பல், கருப்பு, கறை.

அய்யா கேட்ட கேள்வி

கூடைக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்துத்தான் அய்யா பக்கத்தில் வந்திருக்க வேண்டும். அக்கா போன பிறகு அவர் காலையில் தோட்டத்துக்குப் போகும் முன் கோழிகளுக்கு ஒரு கை கம்பு விசிறிவிட்டுப் போவதை வழக்கமாக்கிக்கொண்டிருந்தார்.

“என்னடா?”

“மறுபடி கலப்புதான்ய்யா.”

ஒரு கருப்புக் குஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “அவ வீட்ல மட்டும் எப்பிடிடா அம்புட்டும் ஒண்ணு போலப் பொரிச்சுச்சு?”

“தெரியலைய்யா.”

“அங்க சாம்பச் சேவல் யாரு குடுத்தா?”

“அங்க ஏதுய்யா சாம்பச் சேவல்? நான் குடுத்தது கறைச் சேவலும் கருப்புப் பெட்டையும்தான். வேற வீடே கெடையாதே, வேற சேவல் எங்கிட்டு…”

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினேன்.

அந்த முற்றத்தில் பூதி நிறத்தில் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. எல்லாம் நான் கழித்தவை. கருப்பையும் கறையையும் எரிச்சலோடு பிடித்து ஊர் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருந்தேன்; அவள் வீட்டில் மட்டும்தான் அவை வேறு துணையில்லாமல் ஒன்றோடொன்று சேர்ந்தன. சேர்ந்து, ஒன்று தப்பாமல் நான் தேடியதைப் பொரித்தன. பூதியோடு பூதியைச் சேர்த்தால் கலைகிறது. கருப்போடு கறையைச் சேர்த்தால் நிலைக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியாது. நான் படித்த பிரசுரத்திலும் இல்லை. எந்த ஜோடியிலிருந்து அவை வந்தன என்பதைக் கருமாதியன்று வேலியோரத்தில் நேரே பார்த்தும் நான் பார்க்கவில்லை.

அவள் பார்த்திருப்பாள். ஆடியில் அத்தனை உறுதியாக அய்யாவுக்கு முன்னால் நின்றாளே, கண்ணால் கண்டுவிட்டு வந்து நின்றிருக்கிறாள்.

அய்யாவிடம் சொன்னேன். சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. அவர் குஞ்சைக் கூடையில் இறக்கிவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். நாள் முழுக்க உடைமுள் வெட்டினார்.

இப்போது எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்கு அந்தப் பக்கம், ஊர்ச் சேவல் எதுவும் எட்ட முடியாத மூலையில், முள் அடைத்த பட்டி ஒன்று நிற்கிறது. அந்த அடையில் பொரித்தவற்றில் ஒன்றைக்கூட இந்தத் தடவை கழிக்கவில்லை. கருப்புப் பெட்டைகள் முட்டைக்கு வந்துவிட்டன. கறைச் சேவல் குரல் உடைந்து, கூவப் பழகுகிறது. நாளைக் காலையில் பூதிகளை இங்கே நிறுத்திவிட்டு அவற்றை மட்டும் அந்தப் பட்டியில் விடப் போகிறோம். முதல் அடைக்கு அம்மா கூடை எடுத்து வைத்துவிட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் பட்டியின் கதவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே அய்யா கேட்டார்: “எத்தன சாம்பலா வரும்னு நெனைக்கிற?”

முன்பானால் எல்லாமே என்று துள்ளிக்கொண்டு சொல்லியிருப்பேன். “பொரிக்கட்டும்ய்யா, பாப்போம்” என்றேன்.

அவர் முடிச்சை இழுத்து இறுக்கினார்.

“எல்லாமே வரும். அவ வீட்ல வந்துச்சுல்ல.”